நான் சொல்லாத ஐந்தாவது நகர்வு

அவளை முதலில் கவனித்தது ரயிலில்தான். காலை ஸ்லோ வண்டி, பெண்கள் பெட்டி. நான் மாட்டுங்காவில் ஏறுவேன். அவள் அதற்கு முந்தைய நிறுத்தமான சயானிலேயே ஏறி, கதவுக்குப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பாள். ஒரு கையில் டப்பா வைத்த பை, இன்னொரு கையில் போன். அன்றைக்குக் கூட்டம் என்னை அவள் தோளோடு ஒட்டித் தள்ளியது. போனில் செஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய குதிரை ஒன்று வெட்டுப்படும் இடத்தில் நின்றது. அவளோ அதை விட்டுவிட்டு வேறு எதையோ நகர்த்தப் போனாள்.

"குதிரை போயிடும்," என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எதிராளி யாரோ எங்கேயோ இருக்கிற ஒருவன். "போவட்டும்க்கா. இன்னும் ரெண்டு மூவ்ல அவன் ராஜாவ முடிக்கேன் பாருங்க," என்றாள்.

பைகுல்லா தாண்டுவதற்குள் முடித்தும் விட்டாள். எனக்கு அந்த வழி தெரிந்திருக்கவில்லை. இறங்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவள் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கணவன் தோல் பட்டறையில் வேலை. அவளுக்கு மஸ்ஜித் பந்தரில் ஒரு துணி கோடவுனில் செக்கிங் வேலை. கொரோனாவில் ஊரே பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் வேறு போக்கிடம் இல்லாமல் போனில் செஸ் கற்றுக்கொண்டிருக்கிறாள். கற்றுக்கொடுத்த ஆப் இந்தியில் பேசியதால் பிஷப்புக்கு அவள் வாயில் 'ஊண்ட்டு', அதாவது ஒட்டகம், என்றுதான் பெயர். மரப்பலகையில், நிஜக் காய்களைத் தொட்டு அவள் அதுவரை ஆடியதே இல்லை.

நான் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. செஸ் எனக்கு வீட்டுச் சொத்து மாதிரி வந்தது. சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தார். காலேஜில் டீமில் ஆடினேன். கல்யாணம், குழந்தைகள் என்று பல வருஷம் விட்டுப்போனதைப் பிள்ளைகள் வெளியூர் போன பிறகு மறுபடி எடுத்தேன். பலகை இருந்தது, புத்தகங்கள் இருந்தன. ஆட ஆள்தான் இல்லை.

"ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாயேன், நிஜ போர்டுல ஆடலாம்," என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன். அவள் வருவாள் என்று நினைக்கவில்லை. சரியாக மூன்று மணிக்கு வந்து நின்றாள், கையில் ஒரு பொட்டலம் காராச்சேவோடு. காய்களை ஒவ்வொன்றாக எடுத்து எடை பார்த்தாள். "கனமா இருக்குக்கா. போன்ல இது தெரியாது, என்னா?" என்றாள்.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம், மழை கொட்டித் தண்டவாளம் முழுகிய இரண்டு வாரங்கள் தவிர, எல்லா ஞாயிறும் வந்தாள்.

வெள்ளைக் காய் கிடைத்தால் அவள் ஆடும் திறப்பு, அதாவது தொடக்க ஆட்டம், ஒன்றே ஒன்றுதான். டேனிஷ் காம்பிட். ஆட்டம் தொடங்கியதும் வெள்ளை தன் சிப்பாய்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எதிராளியின் வாயில் போடும். எதிராளி தின்று முடிப்பதற்குள் வெள்ளையின் இரண்டு பிஷப்புகளும் வெளியே வந்து, கறுப்பு ராஜா ஒதுங்கப் போகிற மூலையைக் குறிவைத்து நின்றுவிடும். பிறகு அடி மேல் அடி. பழைய காலத்து ஆட்டம். பெரிய ஆட்டக்காரர்கள் இப்போது அதைத் தொடுவதில்லை. அவள் அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. யாரோ தன்னை அதனால் தோற்கடித்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, மேற்கொண்டு எல்லாவற்றையும் ஆடி ஆடியே கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பெயரே நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"டேனிஷ்னா?"

"டென்மார்க்னு ஒரு தேசம்."

"அங்க உள்ளவங்களும் நம்மள மாதிரி பயமில்லாதவங்கபோல," என்று சிரித்தாள்.

ஒரு மாதத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிறு அந்தத் திறப்பால் என்னைத் தோற்கடித்தாள். மூன்றாவது தடவை பதினாறே நகர்வில். அவள் போன பிறகு நான் காபி டம்ளர்களைக் கழுவவில்லை. நேரே அலமாரிக்குப் போய்ப் பழைய திறப்புப் புத்தகத்தை எடுத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை: உதவிசெய்ய வேண்டுமென்று எடுக்கவில்லை. எரிச்சலில் எடுத்தேன். காலேஜ் டீமில் ஆடினவளை, போனில் கற்றுக்கொண்ட ஒருத்தி இப்படிப் போட்டு அடிக்கிறாளே என்ற எரிச்சல்.

புத்தகத்தில் அரைப் பக்கம்கூட இல்லை. கறுப்பு தன் ஐந்தாவது நகர்வில், ராணிக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தானே பலி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். வெள்ளை பிஷப் அதைத் தின்னும். கறுப்புக் குதிரை வெளியே வரும். அப்போது வெள்ளைக்கு ஒரு ஆசை காட்டப்படும்: பிஷப்பைக் கொடுத்து ராஜாவை இழுத்துவிட்டால் கறுப்பு ராணி சும்மா கிடைப்பது போலத் தெரியும். எடுத்தால், அடுத்த நகர்விலேயே கறுப்பு பிஷப் செக் வைத்து ராணியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். தூசி அடங்கும்போது பலகையில் ராணிகளும் இல்லை, தாக்குதலும் இல்லை. காய் எண்ணிக்கை சரிசமம். பொறுமையாக உருட்டவேண்டிய கடைசிக்கட்ட ஆட்டம் மட்டும் மீதி. அவளுக்குப் பிடிக்காத, எனக்குக் கைவந்த ஆட்டம் அது.

காய்களை அடுக்கி அந்த வரிசையை நான்கு தடவை ஆடிப் பார்த்தேன். போனில் அவளோடு ஆடியவர்களில் யாராவது ஐந்தாவது நகர்வைத் தற்செயலாக ஆடியிருக்கலாம். அடுத்தடுத்து வரவேண்டியது தெரியாமல் தோற்றிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று அவள் படியேறி வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். கோடவுனில் மேஜர் மாதிரி மீசை வைத்த சூப்பர்வைசர் ஒருவன், தான் செஸ்ஸில் புலி என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். மதிய இடைவேளையில் டேனிஷ் காம்பிட்டால் அவனை எல்லார் முன்னாலும் தோற்கடித்துவிட்டாளாம். "மூஞ்சியப் பாக்கணுமேக்கா நீங்க!" பூரித்துப்போயிருந்த அவள் முகத்துக்கு நேரே புத்தகத்தைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்பினால்தான் சொல்லாமல் விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பாதி உண்மையும்கூட. அவள் சிப்பாய்களைக் கொடுக்க, நான் பழையபடி வாங்கித் தின்றேன். அன்று நான் ஜெயித்தேன். அதற்கடுத்த வாரம் தோற்றேன். ஐந்தாவது நகர்வு வரும்போதெல்லாம் என் கை ஒரு நொடி அந்தச் சிப்பாயின் மேல் போய்த் திரும்பும்.

பிறகு செம்பூர்ப் போட்டி வந்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஆறு சுற்று, பெண்களுக்கு மட்டும். முதல் இரண்டு பேர் புணேயில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போவார்கள். விண்ணப்பப் பாரத்தை நான்தான் வாங்கிவந்து அவளுக்கும் சேர்த்து நிரப்பினேன். அவளுக்குப் புணே என்ற சொல்லே போதுமாக இருந்தது.

"கோயில் கொடைக்கு ஊருக்குப் போற ட்ரெயின் புணே வழியாத்தானக்கா போவுது. சின்னதுலேர்ந்து பாக்கேன். பிளாட்பாரத்துல வடாபாவ் வாங்க எறங்குவோம், விசில் அடிச்சதும் ஏறிருவோம். ஸ்டேஷனத் தாண்டி வெளிய என்ன இருக்குன்னே தெரியாது."

ஜெயிப்பதற்கு முன்பே கோடவுன் சேட்டிடம் இரண்டு நாள் லீவு சொல்லி வைத்துவிட்டாள். "ஜீத்கே ஆனா, ஜெயிச்சிட்டு வான்னாரு," என்று சேட் சொன்னதைப் பெருமையோடு நடித்துக் காட்டினாள்.

அந்தப் பாரத்தில் என் பெயரை அவள் பெயருக்கு மேலே எழுதிய நாளிலிருந்து என் மௌனம் வேறு ஒன்றாக மாறிவிட்டது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஒரே போட்டி, ஒரே மேஜை அமையலாம். சொல்ல இன்னும் மூன்று ஞாயிறுகள் இருந்தன. சொல்லவில்லை.

கடைசி ஞாயிறு ஆடி முடித்ததும் அவள் காய்களைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க புக்கெல்லாம் படிச்சவங்க. என்னோட இந்த டேனிஷ்ல ஓட்டை ஏதும் இருக்கா? இருந்தா இப்பமே சொல்லிருங்க. ஒரு வாரத்துல வேற ஏதாவது பழகிக்கிடுதேன்."

என் பின்னால் அலமாரி. அதில் அந்தப் புத்தகம்.

"இல்லையே," என்றேன். "நன்னாத்தான் இருக்கு. தைரியமா ஆடு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தாள். நான் காபி போடப் போனேன். பால் பொங்கி வழிந்தபோது அடுப்பை அவள்தான் வந்து அணைத்தாள்.

செம்பூரில் அன்று வெயில். ஹாலில் நாலு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் பாதிப்பேர். எங்கள் வயதுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்போம். அவள் பச்சைச் சுரிதார் போட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கணவனும் வந்திருந்தான். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கேட்டுக்கு வெளியே, ஆட்டோ நிற்கிற இடத்தில் நாள் முழுக்க நின்றான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவள் ஓடிப்போய் விரலைக் காட்டிவிட்டு வருவாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் தோற்றாள், விரல் காட்டவில்லை. நான்கிலும் ஐந்திலும் ஜெயித்தாள். நானும் நான்கு ஜெயித்து ஒன்று தோற்றிருந்தேன். ஒரு மாணவி எல்லாவற்றையும் ஜெயித்து முதலிடத்தைக் கிட்டத்தட்டத் தனதாக்கிவிட்டாள். மீதி இருந்தது இரண்டாமிடம்.

ஐந்து மணிவாக்கில் கடைசிச் சுற்றின் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். இரண்டாவது மேஜை. வெள்ளை அவள். கறுப்பு நான்.

அவளுக்குச் சந்தோஷம். "நம்ம ஞாயித்துக்கிழமைதானக்கா இது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு நடந்தாள். அந்த நிமிஷம்கூட எனக்கு இருந்தது. நான் வேறு விதமாக ஆடத் தொடங்கியிருக்கலாம். முதல் நகர்விலேயே வேறு சிப்பாயைத் தள்ளியிருந்தால் டேனிஷ் காம்பிட்டே வந்திருக்காது. நியாயமான ஓர் ஆட்டம் ஆடியிருப்போம். இப்போது எத்தனையோ தடவை அப்படித் தள்ளிப் பார்த்துவிட்டேன், மனதுக்குள்.

கடிகாரத்தை அழுத்தினோம். அவள் முதல் சிப்பாயைக் கொடுத்தாள். வாங்கினேன். இரண்டாவது. வாங்கினேன். மூன்றாவதையும் வாங்கினேன். அவளுடைய இரண்டாவது பிஷப் வெளியே வந்து அதைத் தின்றது. இதுவரை எல்லாம் எங்கள் வீட்டு ஞாயிறு போலவே.

ஐந்தாவது நகர்வு. சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். யோசிக்கவே இல்லை. யோசிப்பது போல நடிக்கவாவது செய்திருக்கலாம். கை தானாகப் போய்த் தள்ளி, தானாகக் கடிகாரத்தை அழுத்திவிட்டது.

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. சில நொடிகள்தான். கோபம் இல்லை அதில். கணக்குப் போடுகிற பார்வை. நான் குனிந்துகொண்டேன்.

அவள் பிஷப்பால் தின்றாள். என் குதிரை வந்தது. அவள் ராணியைப் பறிக்கிற அந்த வழியில் இறங்கினாள். பிஷப்பைக் கொடுத்தாள், என் ராஜா அதைத் தின்றது, அவள் என் ராணியை எடுத்தாள். உடனே நான் பிஷப்பால் செக் வைத்தேன். அவள் வாய் லேசாகத் திறந்து மூடியது. செக்கைத் தடுக்க அவள் ராணி திரும்பி வந்தது, இரண்டு ராணிகளும் பலகைக்கு வெளியே போயின.

நிலைமை சமம்தான். இதை நான் என் பக்கத்து நியாயமாகச் சொல்லிக்கொண்டதுண்டு. அந்த நகர்வு அவளைத் தோற்கடிக்கவில்லை. அவள் நிதானமாக ஆடியிருந்தால் டிரா. ஆனால் அவள் அதற்குப் பிறகு ஆட்டத்தில் இல்லை. எப்போதும் காயைத் தொடுமுன் கட்டைவிரலால் மேஜையில் தட்டுவாள். அந்தத் தட்டல் நின்றுவிட்டது. பலகையின் ஒரு பக்கம் எனக்கு மூன்று சிப்பாய், அவளுக்கு ஒன்று. என் மூன்றையும் ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக் கொண்டுபோய் ஒன்றை ராணியாக்கினேன். நாற்பது நகர்வுக்குப் பக்கம் இருக்கும். அவள் ராஜாவைச் சாய்த்து வைத்துவிட்டுக் கை நீட்டினாள்.

"நல்லா ஆடுனீயக்கா."

பிறகு, காய்களை அடுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அத எப்பம் பாத்து வச்சீய?" என்றாள்.

"இப்பத்தான் தோணித்து," என்றேன்.

"கை ஒரு நிமிசம் கூட நிக்கலயேக்கா," என்றாள். கேட்டுக்கு வெளியே போனாள். இந்தத் தடவை அவள் கணவன் தானே ஓர் அடி முன்னால் வந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். பரிசு கொடுக்கும்வரை அவர்கள் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன், பொய்யை மட்டும் விட்டுவிட்டு. "ஆட்டம்னா அப்படித்தானே? எதிராளிக்கு யாராவது சொல்லிக்குடுப்பாளா?" என்றார். முழுதாகச் சொல்லாததால் அவர் தந்த சமாதானம் எனக்கு ஒட்டவில்லை.

மறுநாள் காலை ரயிலில் அவள் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பெட்டியை மாற்றிக்கொண்டாளா, வண்டியையே மாற்றிக்கொண்டாளா தெரியவில்லை. போனில் எழுதினால் கட்டைவிரல் படம் வரும். ஞாயிறு மூன்று மணிக்குப் பலகையை எடுத்து வைத்துவிட்டு நாலரைக்கு உள்ளே வைத்தேன். புணேவுக்குப் போய் ஒன்பது ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தேன். போகிற வழியில் ஒரு தடவையும் ஜன்னலுக்கு வெளியே நன்றாகப் பார்க்கவில்லை.

திரும்பிவந்த வாரம், ஞாயிறு பகலில், அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். தொண்ணூறடி ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கி, இரண்டு பேரிடம் வழி கேட்டு, சந்துக்குள் நடந்தேன். ஒரு வருஷம் அவள் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் அவள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தில் நிற்கும்போதுதான் அதுவும் உறைத்தது. இரும்பு ஏணிக்கு மேலே அவர்கள் அறை. அவள் எட்டிப் பார்த்து, "ஏறாதீயக்கா, ஏணி ஆடும், நான் வாரேன்," என்று இறங்கி வந்தாள். கணவன் எதிர்க்கடையிலிருந்து எனக்கு ஒரு ஸ்டூலும் அரைக் கிளாஸாக இரண்டு கட்டிங் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிப் போனான்.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றேன். "அஞ்சு மாசமா தெரியும். நீ கேட்டப்போ பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"மன்னிச்சுடு."

அவள் டீயை ஊதிக் குடித்தாள். "தோத்தது பெருசில்ல. போட்டியில யாரும் யாரையும் தோக்கடிக்கலாம். நீங்க வெளியாளா இருந்து அத ஆடிருந்தா, ச்சே, என்னா ஆட்டம்னு நானே கை தட்டிருப்பேன். ஆனா வீட்டுக்கு வந்தம்பொறவு ஒறக்கமே வரல. நாம ஆடுன எல்லா ஆட்டத்தையும் நெனச்சுப் பாத்தேன். ஒங்கள நான் எத்தன தடவ ஜெயிச்சிருப்பேன்? அதுல எது நெசம், எது நீங்க விட்டுக்குடுத்தது?"

"அந்த ஒரு மூவைத் தவிர நான் எதையும் விட்டுக்கொடுக்கலை. சத்தியமா."

"அது ஒங்களுக்குத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியும்?"

புத்தகத்தை நீட்டினேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இங்கிலீசு. நீங்கதான படிச்சுச் சொல்லணும்," என்றாள். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். நான் டீயைப் பாதியில் கீழே வைத்தேன்.

சில மாதம் கழித்து ரயிலில் மறுபடி பார்த்துக்கொண்டோம். பேசினோம். அவள் மாமியார் உடம்பு, என் பையன் கல்யாணப் பேச்சு, வண்டி லேட். போனில் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். திரையை என் பக்கம் திருப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வா என்று நானும் கூப்பிடவில்லை.

அடுத்த வருஷம் செம்பூர்ப் போட்டிக்கு நான் பெயர் கொடுக்கவில்லை. அவள் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பாரத்தை மேஜை இழுப்பறையிலேயே வைத்துவிட்டேன். அவளுக்கு வழிவிட்டால் என் கணக்கு கொஞ்சம் நேராகும் என்று நினைத்தேன். அவள் இரண்டாவது வந்தாள். சிசிலியன் என்ற திறப்பும் வேறு என்னென்னவோவும் ஆடினாளாம். டேனிஷை இரண்டு தடவை ஆடினாளாம். ஒருத்தி ஐந்தாவது நகர்வை ஆட, அவள் பிஷப்புக்குப் பதில் சிப்பாயால் தின்று ஜெயித்தாளாம். இதையெல்லாம் ரயிலில் அவளே சொன்னாள், கண் விரிய, பழைய மாதிரி. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று நிறுத்தினாள்.

"நீங்க ஏன்க்கா வரல?"

"முட்டி வலி," என்றேன்.

தாதர் வந்து ஒரு கூட்டம் இறங்கி இன்னொரு கூட்டம் ஏறியது. பிறகு சொன்னாள்: "மறுபடியும் பாத்தீயளா? எனக்காவத்தான் நிக்கலன்னு எனக்குத் தெரியாதா? நீங்க இல்லாத போட்டியில ரெண்டாவது வந்தேன்னு நான் எப்பிடி நிம்மதியா நெனைக்க? நான் ஒங்கள ஜெயிச்சிருப்பனா இல்லியான்னு இப்பமும் தெரியாமப் போச்சே. ஒளிச்சு வைக்கிறதும் விட்டுக்குடுக்கிறதும் எனக்கு ஒண்ணுதான்க்கா. ரெண்டுலயும் நீங்கதான் முடிவு எடுக்கீய."

முட்டி வலி இல்லை என்று சொல்ல எனக்குக் கறி ரோடு ஸ்டேஷன் வரை ஆனது. சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

புணேயிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். ஸ்டேஷனுக்கு வெளியே, ஆட்டோக்களுக்கு நடுவில், கணவனோடு நிற்கிறாள். நான் வாழ்த்து எழுதினேன். கட்டைவிரல் வந்தது.

இந்த மழைக்காலம் முடிந்ததும் முலுண்டில் ஒரு போட்டி இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்று காலையே அவளிடம் சொன்னேன், அவளுக்கு எதிரே உட்கார நேர்ந்தால் என்ன ஆடலாமென்று புத்தகத்தைப் பார்த்துத் தயார்செய்துகொண்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்து.

"செய்யுங்க," என்றாள். "நானும் செய்யுதேன். என்னதுன்னு கேக்காதீய."

நான் கேட்கவில்லை.